பிழைச் செய்தியின் தோன்றா எழுவாய்



இலக்கியமும் இலக்கணமும் பேசப்படும் இப்பொழிவு வரிசையில், கணினித் திரையில் தோன்றும் பிழைச் செய்திகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது மொழிக் கழகத்திற்குரிய பொருள்தானா என்று சிலர் எண்ணக்கூடும். உரியதே என்பது எங்கள் துணிபு. பிழைச் செய்தியும் ஒரு வாக்கியம். அதனை வாக்கியமாகக் கருதிப் படிக்கத் தவறியதால் நாங்கள் ஒரு தவறு செய்தோம். அந்தத் தவற்றை மறைக்காமல் முதலில் கூறிவிட்டு, அதிலிருந்து கற்றதை உங்கள்முன் வைக்க விழைகிறோம்.

நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன்பு மாணவர் சிலரோடு சேர்ந்து தோட்டப்புறச் சொற்களைத் திரட்டத் தொடங்கினோம். பால்வெட்டு, ஒட்டுப்பால், பெரட்டு, லயம் என முதியோர் நாவில் இன்னும் வாழ்கின்ற சொற்களைப் பொருளோடும் பேசியவர் குரலோடும் பதிவு செய்வதே நோக்கம். பலர் ஒரே பட்டியலைத் திருத்த வேண்டியிருந்ததால் 'கிட்' என்னும் கருவியைத் தேர்ந்தோம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் உருவாக்கிய இக்கருவி, கோப்பில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும், அதனை யார் எப்போது செய்தார் என்பதையும் காத்து வைக்கும். பொத்தானை அழுத்தி அன்று, கட்டளைகளைத் தட்டச்சு செய்தே இதனை இயக்குவோம். ஆகவே இதனைக் கட்டளைவரிக் கருவி என்கிறோம்.

பட்டறை நடந்த இடத்தில் மாணவர்க்கு 12 மடிக்கணினிகளை இரவலாகத் தந்தார்கள். முதல் நாளே கிட் கருவி சேவையகத்தோடு பேச மறுத்தது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றியது. அவ்வரியில் 'சர்டிஃபிகேட்' என்னும் சொல்லும் 'லோக்கல்' என்னும் சொல்லும் இருந்தன. எங்களுள் ஒருவர், "ஏதோ சான்றிதழ்ச் சிக்கல், உள்ளூர் இணையம் சரியில்லை போலும்" என்றார். மாணவர் ஒருவர் எங்கிருந்தோ ஒரு கட்டளையைக் கண்டுபிடித்தார். சான்றிதழைச் சரிபார்க்க வேண்டா என்று கருவிக்கு ஆணையிடும் கட்டளை அது. தட்டினார், கருவி வேலை செய்தது. கைதட்டினோம். மற்ற 11 கணினிகளிலும் அதனையே செய்யச் சொன்னவர்கள் நாங்கள்தாம்.

ஏழு மாதங்கள் சென்றபின் வேறொரு காரணத்திற்காகக் கருவியின் அமைவுகளைப் பார்த்தபோதுதான் உண்மை புரிந்தது. அந்தக் கட்டளை ஒரு நாளைக்கோ ஒரு பட்டியலுக்கோ உரியது அன்று. அக்கணினியில் கிட் செய்யும் எல்லாத் தொடர்புகளுக்கும் அது நிலையாகப் பொருந்துவது. மாணவர்கள் அக்கணினிகளை வீட்டிற்கும் நூலகத்திற்கும் உணவகங்களுக்கும் எடுத்துச் சென்றிருந்தார்கள். அங்கெல்லாம் தங்கள் நுழைவுச் சான்றுகளை, எதிரே இருப்பவர் யார் என்று பாராமலே நீட்டியிருக்கிறார்கள். தீங்கு எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. எனினும் தீங்கு நேரவில்லை என்று உறுதி கூறவும் எங்களால் இயலவில்லை. பிள்ளைகளின் பெற்றோர்க்கு அதனைச் சொல்ல வேண்டியிருந்த மாலைப்பொழுதை நாங்கள் மறக்கவில்லை.

இரண்டு எழுவாய்கள்

வாக்கியத்தில் எழுவாய் வெளிப்படையாக வாராமல் மறைந்து நிற்பதைத் தோன்றா எழுவாய் என்கிறோம். 'நேற்று வந்தேன்' என்றால் 'நான்' என்பது தோன்றாமல் நிற்கிறது. வினைமுற்றின் விகுதி அதனை நமக்குக் காட்டிக் கொடுக்கும். ஆங்கிலப் பிழைச் செய்திகளிலும் எழுவாய் பெரும்பாலும் மறைந்தே நிற்கும். ஆனால் அங்கே காட்டிக் கொடுக்கும் விகுதி இல்லை. 'அனுமதி மறுக்கப்பட்டது', 'சரிபார்ப்புத் தோல்வியுற்றது' என்றுதான் இருக்கும். மறுத்தவர் யார்? சரிபார்த்தவர் யார்? செய்தி சொல்வதில்லை. நாம்தான் தேட வேண்டும்.

நுழைவுப் பிழைகளுக்கும் சான்றிதழ்ப் பிழைகளுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த எழுவாயில்தான் இருக்கிறது. ஜொகூர் கடற்பாலத்தைக் கடக்கும் பயணியை எண்ணிப் பாருங்கள். அதிகாரி அவருடைய கடப்பிதழை வாங்கிப் பார்க்கிறார். அதற்கு முன்பே, தம்மை அறியாமலே, பயணியும் ஒன்றைச் சரிபார்த்துவிடுகிறார்: இது உண்மையான சோதனைச் சாவடிதான்; சீருடை அணிந்த எவரோ சாலையோரத்தில் மேசை போட்டு அமர்ந்திருக்கவில்லை. இந்த இரண்டாம் சரிபார்ப்பு நிகழாவிட்டால், கடப்பிதழை யாரிடம் நீட்டுகிறோம் என்பதே தெரியாது.

கணினியிலும் இவ்வாறே. சான்றிதழ்ப் பிழையைப் பேசுவது நம் பக்கத்துக் கருவி. "எதிரே இருப்பவர் தாம் சொல்லும் ஆள்தானா என்று என்னால் உறுதி செய்ய இயலவில்லை" என்று நம்மிடம் அது கூறுகிறது. நுழைவுப் பிழையைப் பேசுவது எதிர்ப்பக்கத்துச் சேவையகம். "நீ யார் என்று எனக்குத் தெரியவில்லை" என்றோ, "தெரியும், ஆனால் உனக்கு இதற்கு உரிமை இல்லை" என்றோ அது கூறுகிறது. பாதுகாப்பான இணைப்பில் சான்றிதழ்ச் சரிபார்ப்பு முதலில் நிகழும். நுழைவு பின்னர்தான் வரும். ஆகவே சான்றிதழ்ப் பிழை தோன்றியிருக்கும்போது கடவுச்சொல்லை மாற்றிப் பயனில்லை. சிங்கப்பூரில் மறைச்சொல் என்றும் வழங்கும் அச்சொல் இன்னும் சேவையகத்தைச் சென்றடையவே இல்லை.

கருவி பேசும் வாக்கியங்கள்

சான்றிதழ் என்பது ஓர் அறிமுகக் கடிதம். 'இப்பெயருடைய சேவையகத்திற்கு உரிய பொதுச் சாவி இது' என்று ஒரு வழங்குநர் கையொப்பமிட்டுத் தருகிறார். அவ்வழங்குநரை இன்னொரு வழங்குநர் அறிமுகம் செய்கிறார். இச்சங்கிலியின் முடிவில் மூலச் சான்றிதழ் இருக்கிறது. நம் கணினி முன்கூட்டியே நம்பும் மூலச் சான்றிதழ்களின் பட்டியல் ஒன்று அதனுள் உள்ளது. சங்கிலி அப்பட்டியலைத் தொட்டால் கருவி நம்பும், தொடாவிட்டால் மறுக்கும்.

எங்கள் பட்டறையில் தோன்றிய செய்தியை ஏழு மாதங்களுக்குப் பின்னர் முழுமையான தமிழ் வாக்கியமாக எழுதிப் பார்த்தோம்: 'இச்சான்றிதழை வழங்கியவரின் சான்றிதழை, இக்கணினியில் நான் பயன்படுத்தும் பட்டியலில் என்னால் கண்டெடுக்க இயலவில்லை.' எழுதி முடித்ததும் வழியும் தெரிந்தது. 'லோக்கல்' என்றது உள்ளூரை அன்று, இக்கணினியை. வழங்கியவர் யார் என்று பார்த்தோம். அவ்விடத்தின் வலையமைப்பு, மாணவர் பாதுகாப்பைக் கருதி, எல்லாத் தொடர்புகளையும் இடையில் பிரித்துப் பார்த்துத் தன் சொந்தச் சான்றிதழை இட்டு மீண்டும் மூடி அனுப்பி வந்தது. அதன் மூலச் சான்றிதழ் விண்டோஸின் கிடங்கில் இருந்தது; ஆகவே உலாவி குறை சொல்லவில்லை. கிட் கருவியோ தனக்கென ஒரு பட்டியலை வைத்திருந்தது. அதில் அச்சான்றிதழ் இல்லை. விண்டோஸின் கிடங்கையே பயன்படுத்துமாறு கருவிக்கு ஓர் அமைவால் அறிவித்தோம். சரிபார்ப்பும் நிகழ்ந்தது, வேலையும் நடந்தது. சரியான தீர்வுக்கும் ஒரே ஒரு கட்டளைதான் தேவைப்பட்டது. தவறான தீர்வைவிட அது அதிகம் நீளமானதும் அன்று.

'உலாவியில் திறக்கிறது, கட்டளைவரியில் திறக்கவில்லை' என்று மாணவர் கூறினால் இரண்டும் வேறுவேறு பட்டியல்களைப் பார்க்கின்றனவா என்று முதலில் கேளுங்கள். சேவையகம் தன் சங்கிலியின் இடைநிலைச் சான்றிதழை அனுப்ப மறந்தாலும் இதே வாக்கியம் தோன்றும். உலாவிகள் சில, விடுபட்ட கண்ணியைத் தாமே தேடி நிரப்பிக்கொள்ளும். கட்டளைவரிக் கருவிகள் பெரும்பாலும் அவ்வாறு செய்வதில்லை. அப்போது பிழை சேவையகத்தினுடையது. அதனை நடத்துவோர்க்கு எழுதுவதே முறை.

இரண்டாவது வாக்கியம் காலத்தைப் பற்றியது: 'இச்சான்றிதழ் காலாவதியாகிவிட்டது' அல்லது 'இன்னும் நடப்புக்கு வரவில்லை.' இதனைக் கண்டதும் சேவையகத்தைக் குறை சொல்வதற்கு முன் நம் கணினியின் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். பழைய கணினியின் உள்மின்கலம் தீர்ந்துபோனால் அதன் நாள் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். நேற்று வழங்கிய சான்றிதழ் அதற்கு எதிர்காலத்துப் பொருளாகத் தோன்றும். நம் நாடுகளின் நேரம் உலகப் பொது நேரத்திற்கு 8 மணி முன்னால் இருப்பது. நேர வலயத்தைச் சரியாக அமைக்காமல் கடிகார முள்ளை மட்டும் கையால் திருத்தியவர், கணினியைப் பல மணி நேரம் பிறழச் செய்துவிடக்கூடும். 30 நொடிக்கு ஒருமுறை மாறும் இரண்டாம் கட்ட நுழைவு எண்களும் கடிகாரம் பிறழ்ந்தால் ஏற்கப்படா.

சில வேளைகளில் நாள் சரியாக இருந்தும் பட்டியல் பழையதாக இருக்கும். 2021 செப்டம்பர் 30ஆம் நாள், லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலவச வழங்குநரின் சான்றிதழ்களுக்கு நெடுநாள் துணைநின்ற ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. தளங்களின் சொந்தச் சான்றிதழ்கள் நடப்பில் இருந்தும், பட்டியலைப் புதுப்பிக்காத பழைய கருவிகள் அவற்றை ஏற்க மறுத்தன. தீர்வு, இயங்குதளத்தையும் கருவியையும் புதுப்பிப்பதே.

மூன்றாவது வாக்கியம் பெயரைப் பற்றியது: 'சான்றிதழில் உள்ள பெயரும் நீங்கள் அழைத்த பெயரும் ஒத்துவரவில்லை.' முகவரியைத் தவறாகத் தட்டியிருக்கலாம். உணவகத்தின் இலவச இணையம், அதன் வரவேற்புப் பக்கத்தில் நாம் ஒப்புதல் தரும்வரை, எல்லா அழைப்புகளையும் தன்பால் திருப்பியிருக்கலாம். நான்காவது, 'தனக்குத் தானே கையொப்பமிட்ட சான்றிதழ்.' அதாவது, அறிமுகக் கடிதத்தை அறிமுகம் ஆகவேண்டியவரே எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். பள்ளிக்குள் நாமே அமைத்த சேவையகமாயின் அது இயல்பே. அச்சான்றிதழை நேரில் பெற்றுப் பட்டியலில் சேர்க்கலாம். முன்பின் அறியாத இடத்திலிருந்து வந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

சேவையகம் பேசும் வாக்கியங்கள்

இனி எதிர்ப்பக்கம். வலைச் சேவையகங்கள் மூன்றிலக்க எண்களைக் கொண்டு மறுமொழி கூறும். 401 என்றால் 'நீ யார் என்பதை நிறுவவில்லை.' 403 என்றால் 'உன் வேண்டுகோள் புரிந்தது. அதற்கு இசைய மாட்டேன்.' 404 என்றால் 'அப்படி ஒன்று இல்லை.' மூன்றாவதில் ஒரு நுட்பம் உண்டு. உரிமையில்லாதவர் கேட்கும்போது, தனிக் களஞ்சியம் ஒன்று இருப்பதையே வெளியிடாமல், 'இல்லை' என்று கிட்ஹப் கூறிவிடும். ஆகவே களஞ்சியம் காணாமற்போயிற்று என்று பதறும் மாணவர், தாம் எந்தக் கணக்கில் நுழைந்திருக்கிறோம் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

அடையாளத்தை நிறுவுவது ஒன்று, உரிமை பெறுவது வேறொன்று. கடப்பிதழ் உண்மையானதாக இருந்தும் நுழைவிசைவு இல்லாமற் போகலாம் அல்லவா? முன்னதற்குத் தீர்வு புதிய சான்று. பின்னதற்குத் தீர்வு களஞ்சிய உரிமையாளரிடம் இசைவு கேட்பது. இரண்டையும் 'லாகின் பிரச்சினை' என்று ஒரே சொல்லால் அழைக்கும்வரை தீர்வு எட்டாது.

கடவுச்சொல் சரியாக இருந்தும் கிட் மறுப்பதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்றும் உண்டு. 2021 ஆகஸ்டு 13 முதல், கட்டளைவரியில் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதைக் கிட்ஹப் நிறுத்திவிட்டது. அதற்கு மாற்றாகத் தனி டோக்கனோ சாவியோ வேண்டும். டோக்கனுக்குக் கால எல்லை வைக்கலாம், இன்ன வேலைக்கு மட்டும் என்று வரம்பிடலாம், தொலைந்தால் அதனை மட்டும் நீக்கலாம். வீட்டுச் சாவிக்கொத்து முழுவதையும் கொடுக்காமல் ஓர் அறையின் சாவியைக் கொடுப்பது போன்றது அது. புதிய டோக்கன் பெற்றும் மறுப்புத் தொடர்ந்தால், இயங்குதளத்தின் நினைவுக் கிடங்கில் பழைய கடவுச்சொல் தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நாம் புதியதைத் தட்டச்சு செய்வதற்கு முன்பே கருவி பழையதை எடுத்து நீட்டிவிடும். அப்பதிவை அழித்தபின் மீண்டும் முயல வேண்டும்.

எஸ்எஸ்எச் வழியாக நுழைவோர்க்கு வரும் மறுப்பு, 'நீ நீட்டிய சாவிகளுள் எதனையும் ஏற்கவில்லை' என்பதாகும். 1995ஆம் ஆண்டு ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதைத் தொடர்ந்து, தாத்து யுலோனென் இம்முறையைப் படைத்தார். இதில் தனிச் சாவி நம்மை விட்டு அகலாது. பொதுச் சாவியை மட்டும் சேவையகத்தில் பதிக்கிறோம். மறுப்பு வந்தால் மூன்று வினாக்கள் போதும். பொதுச் சாவி அக்கணக்கில் பதிவாகியுள்ளதா? கருவி நீட்டியது அதற்கு இணையான தனிச் சாவிதானா? தனிச் சாவிக் கோப்பைப் பிறரும் படிக்கும்படி விட்டிருக்கிறோமா? அவ்வாறு விட்டிருந்தால் கருவியே அச்சாவியைப் பயன்படுத்த மறுக்கும். கட்டளையோடு 'வி' என்னும் ஓரெழுத்துக் குறியைச் சேர்த்தால், எந்தச் சாவியை நீட்டியது, என்ன விடை வந்தது என்று கருவி வரிவரியாக விரித்துரைக்கும். அவ்விரிவைப் பிறரிடம் காட்டி உதவி கேட்பதற்கு முன், அதில் டோக்கனோ சாவியோ தென்படுமானால் மறைத்துவிடுங்கள்.

எச்சரிக்கை உண்மையாகும் நாள்

'பெரும்பாலான எச்சரிக்கைகள் வெறும் அமைவுக் குறைகள்தாமே, அணைத்துவிட்டால் என்ன?' என்று மாணவர் கேட்பர். நியாயமான கேள்விதான். இரண்டு நிகழ்ச்சிகளை விடையாகத் தருகிறோம்.

2011ஆம் ஆண்டு நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்னும் வழங்குநரின் கணினிகளுக்குள் அயலார் ஊடுருவி, 500க்கும் மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களை உண்டாக்கினர். அவற்றுள் கூகளின் பெயரில் அமைந்த ஒன்று, ஈரானில் இருந்த பயனர்களின் தொடர்புகளை இடைமறிக்கப் பயன்பட்டது. அது வெளிச்சத்திற்கு வந்தது எவ்வாறு? அந்நாட்டுப் பயனர் ஒருவர் தம் உலாவி காட்டிய சான்றிதழ் எச்சரிக்கையைத் தள்ளிவிட்டுச் செல்லாமல், இது என்ன என்று பொதுவில் வினவினார். அதன்பின் உலாவிகள் அவ்வழங்குநரைத் தம் பட்டியலிலிருந்து நீக்கின. செப்டம்பரில் அந்நிறுவனம் நொடித்துப்போனது.

2023 மார்ச் 24 அன்று கிட்ஹப் தன் எஸ்எஸ்எச் சேவையகச் சாவிகளுள் ஒன்றை மாற்றியது. அதன் தனிச் சாவி சிறிது நேரம் பொதுக் களஞ்சியம் ஒன்றில் வெளிப்பட்டிருந்ததே காரணம். உலகெங்கும் பலருடைய திரையில், 'எதிரே இருப்பவரின் அடையாளம் மாறிவிட்டது. யாரோ ஒட்டுக்கேட்கக்கூடும்' என்னும் பெரிய எச்சரிக்கை தோன்றியது. இங்கே எச்சரிக்கைக்கு நேர்மையான காரணம் இருந்தது. ஆனால் அதனை எவ்வாறு அறிவது? திரையில் வந்த விரல்ரேகை எண்ணை, கிட்ஹப் தன் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் வெளியிட்ட எண்ணோடு ஒப்பிட்டவர்கள் அறிந்தார்கள். ஒத்திருந்தால் பழைய பதிவை நீக்கிப் புதியதை ஏற்கலாம். ஒப்பிடாமல் நீக்கியவர்களும் அன்று பிழைத்தார்கள். ஆனால் எதிரே உண்மையிலேயே ஒரு பகைவர் இருக்கும் நாளிலும் அவர்கள் அதனையேதான் செய்வார்கள்.

எங்கள் நிலையும் அதுதான். ஏழு மாதங்கள் எங்களைக் காத்தது பாதுகாப்பு அன்று, நல்வாய்ப்பு.

திருத்திக்கொண்டது

உண்மை தெரிந்தபின் நான்கு வேலைகள் செய்தோம். 12 கணினிகளிலும் சரிபார்ப்பை மீண்டும் இயக்கினோம். எல்லா டோக்கன்களையும் நீக்கிப் புதியன பெற்றோம். கிட் கருவியில் ஒவ்வொருவரிடமும் பட்டியலின் முழு வரலாறும் இருப்பதால், படிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சொற்கள் மாறாமல் இருப்பதைக் கண்டோம். இறுதியாக, மாணவர்களிடம் நேரில், "உங்களுக்குத் தவறாகச் சொல்லிக் கொடுத்துவிட்டோம்" என்று ஒப்புக்கொண்டோம். நான்கனுள் கடினமானது அதுவே; பயன் மிகுந்ததும் அதுவே. கட்டளையைக் கண்டுபிடித்துத் தந்த மாணவர், "அன்றைக்கே அந்த வரியைத் தமிழில் சொல்லிப் பார்த்திருக்கலாம், ஐயா" என்றார்.

அன்றுமுதல் எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பிழை தோன்றினால் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். செய்தியை ஒரு தாளில் முழுத் தமிழ் வாக்கியமாக எழுத வேண்டும். மறைந்து நிற்கும் எழுவாயை அடைப்புக்குறிக்குள் இட வேண்டும்: பேசுவது என் கருவியா, எதிரே உள்ள சேவையகமா? அது எதனை ஐயுறுகிறது: பெயரையா, காலத்தையா, வழங்குநரையா, என் அடையாளத்தையா, என் உரிமையையா? ஐயத்தைப் போக்கும் செயல் எது, ஐயுறுபவரின் வாயை மூடும் செயல் எது? இவ்வளவும் எழுதிய பின்னரே கட்டளை. ஐந்து மணித்துளிகள் பிடிக்கும் இப்பயிற்சி பல மணிநேர அலைச்சலைத் தவிர்த்திருக்கிறது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்பயிற்சிக்குக் கணினி ஆசிரியர் வேண்டும் என்பதில்லை. வாக்கியத்தில் எழுவாயைத் தேடக் கற்பிக்கும் எவரும் இதனைக் கற்பிக்கலாம். உங்கள் வகுப்பின் இலக்கணப் பாடத்தில் ஒருமுறை ஒரு பிழைச் செய்தியை எடுத்து வைத்துப் பாருங்கள். மாணவச் செல்வங்களே, புரியாத எச்சரிக்கை ஒன்று வந்தால் அதனை அணைக்கும் கட்டளையை உங்களுக்குத் தருவோர் பலர் இருப்பர். ஒரு காலத்தில் நாங்களும் அவர்களுள் இருந்தோம். அவர்களிடம், "இது யார் சொல்வது, எதற்காகச் சொல்வது?" என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை அக்கட்டளையைத் தட்ட வேண்டா.